பெய்ஜிங்கில் மூன்று நாள்

பெய்ஜிங்கைச் சுற்றிப் பார்க்க மூன்று முழு நாள் போதும். ஆனால் அந்த மூன்று நாளும் நல்லபடியாக அமையுமா என்பது பயணி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. நகரின் முக்கியமான இடங்களுக்குப் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுத்து முன்பதிவு செய்திருக்க வேண்டும். கடையிலும் வண்டியிலும் பணம் கைப்பேசி வழியாகவே புழங்குகிறது. கூகுள் வரைபடமும் வாட்ஸ்அப்பும் அங்கத்திய இணையத்தில் திறப்பதில்லை. இந்த மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்துகொண்டு வருபவருக்குப் பெய்ஜிங் மிக எளிதான ஊர். செய்யாமல் வருபவர் ‘தடைசெய்யப்பட்ட நகரம்’ எனப்படும் அரண்மனையின் மதிலை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும்.

எப்போது போகலாம்

ஏப்ரல் நடுவிலிருந்து மே இறுதி வரையிலும், செப்டம்பரிலிருந்து அக்டோபர் இறுதி வரையிலும் வெயிலும் குளிரும் மிதமாக இருக்கும். இந்த மாதங்களிலும் இரண்டு வாரங்களைத் தவிர்த்தே ஆக வேண்டும். அக்டோபர் 1 தேசிய தினம். அதையொட்டி ஒரு வாரம் நாடே விடுமுறையில் இருக்கும். மே 1 தொழிலாளர் தினத்தை ஒட்டியும் அப்படியே. அந்த நாட்களில் பெருஞ்சுவரின் மேல் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். ஜூலையும் ஆகஸ்டும் பள்ளி விடுமுறை மாதங்கள். புழுக்கம், மழை, கூட்டம் மூன்றும் சேர்ந்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடுங்குளிர். ஆனால் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், கூட்டம் குறையும், நுழைவுக் கட்டணமும் குறையும். கனமான மேலங்கியும் கையுறையும் இருந்தால் சீனப் புத்தாண்டு வாரம் நீங்கலாக அந்த மாதங்களிலும் தாராளமாகப் போகலாம்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் பாப்லர், வில்லோ மரங்களின் பஞ்சு நகரெங்கும் பறக்கும். முகக்கவசம் கையோடு இருக்க வேண்டும்.

பயணத் தேதியை முடிவு செய்யும்போதே திங்கட்கிழமை எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பொது விடுமுறை நாள் தவிர மற்றத் திங்கட்கிழமைகளில் அரண்மனைக்கு வார விடுமுறை. வான ஆலயத்தின் முக்கியக் கட்டடங்களும் அன்று மூடியிருக்கும். மூன்று நாளில் ஒன்று திங்களாக இருந்தால் அதைப் பெருஞ்சுவருக்கு ஒதுக்குவதே சரியான வழி.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

கீழே உள்ள வரிசையை மாற்றக் கூடாது. சில படிகள் அவற்றுக்கு முந்தையவற்றைச் சார்ந்தவை.

1. விசா. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சுற்றுலா விசா எடுக்க வேண்டும். இது ‘எல்’ வகை விசா. வேறு நாட்டுக்குப் போகும் வழியில் 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கும் சலுகை குறிப்பிட்ட நாடுகளுக்கு மட்டும் உரியது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. இதைச் சரிபார்க்காமல் பயணச்சீட்டு வாங்குகிறவர்களை விமான நிறுவனமே ஏற்றாது. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம்.

2. தங்கும் இடம். பழைய நகருக்குள், அதாவது இரண்டாம் வட்டச் சாலைக்கு உட்பட்ட பகுதியில், மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எடுக்க வேண்டும். மெட்ரோவின் 2ஆம் தடமும் 5ஆம் தடமும் பயணிக்கு அதிகம் உதவும். தியனன்மென்னுக்குத் தெற்கே உள்ள ச்சியன்மென், கிழக்கே வாங்ஃபுஜிங், வடகிழக்கே துங்ஸி, பெய்ஷின்ச்சியாவ் ஆகிய பகுதிகள் வசதியானவை. விலை குறைவு என்று ஐந்தாம் வட்டச் சாலைக்கு வெளியே எடுத்தால் தினமும் மூன்று மணி நேரம் மெட்ரோவிலேயே போகும். பதிவு செய்யும் முன் அந்த ஹோட்டல் வெளிநாட்டவரைத் தங்க வைக்கிறதா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். சிறிய விடுதிகள் சில வாசலில் மறுத்துவிடுகின்றன. வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவாக வேண்டும் என்பது சட்டம். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் அந்தப் பகுதிக் காவல்துறையில் தாமே பதிவு செய்ய வேண்டும்.

3. இணையம். சீனாவுக்குள் கூகுள், ஜிமெயில், யூடியூப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாம் தடை செய்யப்பட்டவை. ஹோட்டல் வைஃபையிலும் இதே நிலைதான். சொந்த ஊர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுக்கொண்டால் இணையம் சொந்த நாட்டு வலையமைப்பு வழியாகவே போகும். ஆகவே இவை வழக்கம்போல் வேலை செய்யும். சீனாவுக்கு வெளியே விற்கப்படும் பயண இ-சிம்மும் இதே முறைதான். எதை எடுத்தாலும் சொந்த எண் உயிரோடு இருக்க வேண்டும். வங்கியிலிருந்து ஓடிபி அதற்குத்தான் வரும்.

4. பணம். அலிபே, வீசாட் என்ற இரு செயலிகளையும் ஊரிலேயே இறக்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளத்தை உறுதிசெய்து, சர்வதேச டெபிட் அல்லது கிரெடிட் கார்டை இணைக்க வேண்டும். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக மூடி வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட வேண்டும். இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டுகளை இணைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரே முறையில் 200 யுவானுக்கு மேல் செலுத்தினால் 3 சதவீதம் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். ஆகவே பெரிய ஹோட்டல் பில்லுக்கு நேரே கார்டையே தேய்த்துவிடலாம். அவசரத்துக்கு 500 யுவான் அளவில் சில்லறை நோட்டுகளாக ரொக்கமும் தேவை.

5. அரண்மனை டிக்கெட். இதுதான் பலரும் கோட்டைவிடும் படி. பார்க்கப் போகும் நாளுக்கு ஏழு நாள் முன்பு, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்கு விற்பனை திறக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது மாலை 5.30; சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதே 8 மணி. வெள்ளிக்கிழமை போக வேண்டுமானால் முந்தைய வெள்ளிக்கிழமை மாலை 5.25க்கே குடும்பத்தார் அனைவரின் பாஸ்போர்ட் எண்களையும் கணக்கில் ஏற்றி வைத்துவிட்டுத் தயாராக உட்கார வேண்டும். கூட்டம் மிகுந்த பருவத்தில் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். காலை நேரச் சீட்டு கிடைக்காவிட்டால் பிற்பகல் சீட்டை விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், நவம்பர் முதல் மார்ச் வரை 40 யுவான். கருவூலக் காட்சிக்கூடத்துக்குத் தனியாக 10 யுவான். அதையும் சேர்த்தே வாங்கிவிட வேண்டும்.

6. தியனன்மென் சதுக்கம். நுழைவு இலவசம், ஆனால் முன்பதிவு தனி. அரண்மனைச் சீட்டைக் காட்டிச் சதுக்கத்துக்குள் நுழைய முடியாது.

குறிப்பு: எல்லாப் பதிவிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளின்படியே இருக்க வேண்டும். தமிழர்களின் பெயரில் முதலெழுத்து, தந்தை பெயர், குடும்பப் பெயர் ஆகியவை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வரிசையில் வந்து குழப்பும். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள வரிசையிலேயே எல்லா இடத்திலும் நிரப்பினால் வாசலில் தகராறு வராது.

ஊரின் அமைப்பு

பழைய பெய்ஜிங் தெற்கு வடக்காக ஓடும் ஒரே கோட்டின் மேல் கட்டப்பட்டது. தெற்கே யோங்திங்மென் வாயிலில் தொடங்கி தியனன்மென், அரண்மனை, ஜிங்ஷான் குன்று வழியாக வடக்கே முரசுக் கோபுரம், மணிக் கோபுரம் வரை 7.8 கிலோமீட்டர். இந்த நடு அச்சை யுனெஸ்கோ 2024இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தெருக்களும் பெரும்பாலும் நேர்க்கோட்டில் கிழக்கு மேற்காகவோ தெற்கு வடக்காகவோ போகின்றன. அதனால் உள்ளூர்க்காரர் இடது வலது என்று சொல்லாமல் கிழக்கே போ, வடக்கே திரும்பு என்றே வழி சொல்வார்கள். பெரும்பாலான மெட்ரோ நிலையங்களில் வாசல் எழுத்துகளும் இந்தத் திசைப்படிதான்: ஏ வடமேற்கு, பி வடகிழக்கு, சி தென்கிழக்கு, டி தென்மேற்கு. இதைத் தெரிந்து வைத்திருந்தால் பத்து வழிச் சாலையின் தவறான பக்கத்தில் ஏறி அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்காது.

வரைபடத்துக்கு ஆமேப் செயலியின் ஆங்கிலப் பதிப்பைப் பயன்படுத்தலாம். ஐஃபோனில் உள்ள ஆப்பிள் வரைபடமும் நன்றாக வேலை செய்கிறது. ரோமிங்கில் கூகுள் வரைபடம் திறந்தாலும் அதை நம்பக் கூடாது. சீனாவில் அது காட்டும் இடம் பல நூறு மீட்டர் விலகியிருக்கும்.

வந்திறங்கும் நாள்

பெய்ஜிங்குக்கு இரண்டு பெரிய விமான நிலையங்கள். தலைநகர் விமான நிலையம் வடகிழக்கில். அங்கிருந்து 25 யுவானுக்கு விரைவு ரயில் துங்ஜிமென்னுக்கும் பெய்ஷின்ச்சியாவுக்கும் வருகிறது. தாஷிங் விமான நிலையம் தெற்கே வெகு தூரத்தில். அங்கிருந்து 35 யுவானுக்கு விரைவு ரயில் ட்சாவ்ச்சியாவ் நிலையம் வரை வரும், பிறகு 10ஆம் தடத்துக்கு மாறலாம். டாக்சி வேண்டுமானால் பலகை காட்டும் வரிசையில் நின்றே ஏற வேண்டும். வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து டாக்சியா என்று கேட்பவர் எவரும் உரிமம் பெற்ற ஓட்டுநர் அல்லர்.

மெட்ரோவில் கட்டணம் தூரத்துக்கேற்ப 3 யுவானில் தொடங்குகிறது. அலிபேயில் பெய்ஜிங் போக்குவரத்துக் க்யூஆர் குறியீட்டைத் திறந்து வாசலில் காட்டலாம். வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளையும் நேரே தட்டி நுழையலாம். நுழையும்போது தட்டிய அதே அட்டையையோ குறியீட்டையோதான் வெளியே வரும்போதும் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் பைகளை எக்ஸ்ரே கருவியில் வைக்கச் சொல்வார்கள். பழம் நறுக்கச் சிறு கத்தி வைத்திருந்தால் பறிமுதல் ஆகும். தண்ணீர்ப் புட்டியை ஒரு மடக்குக் குடித்துக் காட்டச் சொல்வதும் உண்டு.

முதல் நாள்: அரண்மனை

தடைசெய்யப்பட்ட நகரம் என்று பெயர்பெற்ற அரண்மனை 1406இல் தொடங்கி 1420இல் முடிந்தது. மிங், ச்சிங் வம்சங்களின் 24 பேரரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1925இல் அருங்காட்சியகமானது. பரப்பு 72 ஹெக்டேர். இதை முழுவதும் பார்த்துவிட நினைப்பதே முதல் தவறு. நான்கு மணி நேரத்தில் நிதானமாகப் பார்க்கக்கூடிய ஒரு வழி இது:

1. காலை 8.30க்குக் கதவு திறக்கும். 7.30க்கே தியனன்மென் கிழக்கு மெட்ரோ நிலையத்தில் இறங்கிவிட வேண்டும். அரண்மனை வாசலுக்கு முன்பே பாதுகாப்புச் சோதனை வரிசைகள் உண்டு. அசல் பாஸ்போர்ட் இல்லாமல் எதையும் தாண்ட முடியாது. நகல், கைப்பேசிப் படம் எதுவும் செல்லாது.

2. நுழைவு தெற்கே வூமென் வாயில் வழியாக மட்டும். வடக்கு வாயிலிலும் கிழக்கு வாயிலிலும் வெளியேற மட்டுமே முடியும். வடக்கு வாயில் அருகில் இறங்கிவிட்டு மதிலைச் சுற்றித் தெற்கே நடப்பவர்களை எந்த நாளும் பார்க்கலாம். மதிலின் தெற்கு வடக்கு நீளம் மட்டும் 960 மீட்டர்.

3. வூமென்னைத் தாண்டியதும் ஐந்து பளிங்குப் பாலங்கள், பிறகு மகா முற்றம், மூன்றடுக்கு வெள்ளைப் பளிங்கு மேடையின் மேல் தைஹ மண்டபம். எல்லோரும் அரியணையைப் பார்க்க நடு வாசலில் முண்டியடிப்பார்கள். அங்கே ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பதிலாகக் கூரையின் மூலைக்கோட்டை அண்ணாந்து பார்க்க வேண்டும். சிறு விலங்குப் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் எண்ணிக்கைதான் கட்டடத்தின் தகுதி. தைஹ மண்டபத்துக்கு மட்டும் பத்து. மற்றவற்றில் ஒன்பது, ஏழு, ஐந்து என்று இறங்கும். அதன்பின் எந்த மண்டபத்தின் முன் நின்றாலும் அதன் தகுதியைக் கூரையே சொல்லிவிடும்.

4. மூன்றாவது மண்டபமான பாவ்ஹவின் பின்பக்கம் போக வேண்டும். அங்கே படிகளின் நடுவே ஒரே கல்லில் செதுக்கிய சரிவு ஒன்று கிடக்கிறது: நீளம் 16 மீட்டருக்கும் மேல், அகலம் 3 மீட்டர், எடை 200 டன்னைத் தாண்டும். மேகமும் மலையும் ஒன்பது நாகங்களும் அதில் புடைத்து நிற்கின்றன. நகருக்குத் தென்மேற்கே உள்ள ஃபாங்ஷான் குவாரியிலிருந்து குளிர்காலத்தில், வழியெங்கும் கிணறு வெட்டித் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, அந்தப் பனிப்பாதையின் மேல் இழுத்து வந்தார்கள். கூட்டம் இதன் இருபுறமும் வேகமாக இறங்கிப் போய்விடும். அரண்மனையில் நின்று பார்க்க வேண்டிய ஒரே ஒரு பொருளைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

5. இங்கிருந்து நேரே வடக்கே போகாமல் கிழக்கே திரும்பினால் கருவூலக் காட்சிக்கூடம். அதன் முன்னுள்ள ஒன்பது நாகச் சுவர் 270 பளபளப்பான ஓடுகளால் ஆனது. உள்ளே ச்சியன்லுங் பேரரசர் ஓய்வுக்காலத்துக்கென்று கட்டிக்கொண்ட மாளிகைத் தொகுதி இருக்கிறது. கூட்டம் குறைவு, மரநிழலும் உண்டு.

6. வடக்கு வாயில் வழியாக வெளியேறி, சாலையைக் கடந்து ஜிங்ஷான் பூங்காவுக்குள் போகலாம். குன்றின் உச்சியிலுள்ள மண்டபத்துக்கு ஏறப் பதினைந்து நிமிடம். அங்கிருந்து தெற்கே பார்த்தால் மஞ்சள் ஓட்டுக் கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடு அச்சில் இறங்கிப் போவது முழுதாகத் தெரியும். கடைசி மிங் பேரரசர் 1644இல் உயிரை மாய்த்துக்கொண்ட குன்றும் இதுதான். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் ஒளி நன்றாக விழும்.

அரண்மனையின் முன்பாதி முற்றங்களில் ஒரு மரம்கூடக் கிடையாது. கோடையில் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். தரை முழுக்க மேடு பள்ளமான பழங்கல். புதுச் செருப்பில் போனால் அன்று மாலையே கால் கொப்பளித்து, மறுநாள் பெருஞ்சுவர் வீணாகும். முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு உண்டு. நுழைவாயிலிலேயே கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள்: பெருஞ்சுவர்

பெய்ஜிங்கைச் சுற்றிப் பெருஞ்சுவரின் பல பகுதிகள் உள்ளன. முதல்முறை போகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டியது இரண்டில் ஒன்றை. பாடாலிங்குக்கு அதிவேக ரயிலிலேயே போய்விடலாம். ஆனால் சீனா முழுவதிலிருந்தும் வரும் குழுக்கள் அங்கேதான் இறங்குகின்றன. முதியன்யு, நகரிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ரயில் இல்லை, ஆனால் கூட்டம் குறைவு, சுவரும் மலையும் அழகு, ஏறவும் இறங்கவும் வசதி. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு முதியன்யுவே ஏற்றது. பழுது பார்க்காத ‘காட்டுச் சுவர்’ பகுதிகளுக்கு ஆசை காட்டும் வழிகாட்டிகள் உண்டு. அங்கே படிகள் பெயர்ந்து கிடக்கின்றன, கைப்பிடி இல்லை. குறுகிய பயணத்தில் அதற்கு இடமில்லை.

1. காலை 7.30க்குள் கிளம்ப வேண்டும். துங்ஜிமென் பகுதியிலிருந்து முதியன்யுவுக்கு நேரே போகும் சுற்றுலாப் பேருந்தில் முன்பதிவு செய்யலாம். நான்கு பேர் இருந்தால் நாள் வாடகைக்குக் கார் எடுப்பது நல்லது. போய்ச்சேர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

2. அடிவாரத்தில் நுழைவுச் சீட்டும், அங்கிருந்து மேலே போகும் உள்பேருந்துச் சீட்டும் வாங்க வேண்டும். உள்பேருந்து இல்லாமல் நடந்தால் ஏற்றத்திலேயே பாதிச் சக்தி போய்விடும்.

3. சுவருக்கு ஏறுவதற்கு இரு வழிகள்: மூடிய கேபிள் கார் 14ஆம் கோபுரத்தருகே விடும், திறந்த நாற்காலி இழுவை 6ஆம் கோபுரத்தருகே விடும். இரண்டையும் நடத்துபவர்கள் வெவ்வேறு நிறுவனத்தார். ஒன்றின் திரும்பும் சீட்டு மற்றொன்றில் செல்லாது. இதைக் கவனிக்காமல் இருவழிச் சீட்டு வாங்கிவிட்டு வேறு கோபுரத்தில் போய் நிற்பது இங்கே அன்றாடம் நடக்கிறது.

4. மிகச் சிறந்த ஏற்பாடு: ஒருவழிச் சீட்டில் கேபிள் காரில் 14க்கு ஏறி, சுவரின் மேலேயே 6 வரை ஒரு மணி நேரம் நடந்து, அங்கிருந்து சறுக்குவண்டியில் இறங்குவது. இந்த வழியில் இறக்கமே அதிகம்.

5. முழங்கால் உறுதியாக இருப்பவர்கள் முதலில் 14இலிருந்து எதிர்த்திசையில் 20ஆம் கோபுரம் வரை ஏறிப் பார்க்கலாம். கடைசிப் பகுதி ஏணிபோல் செங்குத்தானது. திரும்பிப் பார்த்தால் மலைமுகடு நெடுக வளைந்து போகும் சுவர் முழுதும் கண்ணில் விழும்.

சறுக்குவண்டியில் நடுவிலுள்ள கைப்பிடியை முன்னே தள்ளினால் வேகம், பின்னே இழுத்தால் நிறுத்தம். முன்னே போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட வேண்டும். ஒரு கையில் கைப்பேசி பிடித்துப் படமெடுத்துக்கொண்டு வருபவர்களால்தான் மோதல்கள் நேர்கின்றன. மழை பெய்தால் இயக்க மாட்டார்கள். வயது வரம்பும் உண்டு. முதியவர்களும் சிறு குழந்தைகளும் வந்திருந்தால் சீட்டு வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுவரின் படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று கணுக்கால் அளவு, அடுத்தது முழங்கால் அளவு. பேசிக்கொண்டே இறங்கக் கூடாது. மலையில் காற்று நகரைவிடக் குளிராக வீசும். மே மாதத்திலும் ஒரு மெல்லிய காற்றுத்தடுப்பு மேலாடை தேவை. இடி மின்னல் தொடங்கினால் கோபுரத்துக்குள் நிற்காமல் உடனே இறங்கிவிட வேண்டும்.

எச்சரிக்கை: பொதுப் பேருந்தில் போகிறவர்களிடம், வண்டி அங்கே போகாது, இன்று சுவர் மூடியிருக்கிறது, இங்கேயே இறங்கு என்று சீருடைபோன்ற உடையில் ஒருவர் சொன்னால் நம்பக் கூடாது. இறங்கியவுடன் தன் காரில் மும்மடங்கு வாடகைக்கு அழைத்துப்போவதே அவர் நோக்கம். மிக மலிவான குழுச் சுற்றுலாவும் அப்படித்தான்: பச்சைக்கல் கடை, பட்டுக் கடை, மூலிகை மருத்துவக் கடை என்று நிறுத்தி நிறுத்தி, சுவருக்கு ஒரு மணி நேரம் மட்டும் மிஞ்சும். ‘கடைகளில் நிற்காது’ என்று எழுத்தில் இருக்கும் சுற்றுலாவை மட்டுமே எடுக்க வேண்டும்.

மூன்றாம் நாள்: இரண்டு கோயில்கள், ஒரு தெரு

காலையில் வான ஆலயம். 5ஆம் தடத்தில் தியன்தான் துங்மென் நிலையத்தில் இறங்கினால் கிழக்கு வாசல். பூங்காவுக்கு மட்டும், எல்லாக் கட்டடங்களுக்கும் சேர்த்து என இருவகைச் சீட்டு உண்டு. சேர்ந்த சீட்டையே வாங்க வேண்டும். எட்டு மணிக்கு முன்பு போனால் ஓய்வுபெற்ற பெரியவர்கள் கூட்டம் கூட்டமாகத் தைச்சி பயில்வதையும், தாழ்வாரத்தில் உட்கார்ந்து சீட்டாடுவதையும் பாடுவதையும் பார்க்கலாம். நல்ல அறுவடைக்கான வேண்டுதல் மண்டபம் 38 மீட்டர் உயரம், 28 தூண்கள், ஆணியே இல்லாமல் மரத்தோடு மரம் பூட்டியது. 1889இல் இடி விழுந்து எரிந்துபோய்ப் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டது. தெற்கேயுள்ள வட்ட மேடையில் தளக்கற்கள் நடுக்கல்லைச் சுற்றி 9, 18, 27 என்று ஒன்பதின் மடங்காகவே விரியும்; குழந்தைகளை எண்ணச் சொல்லலாம்.

பிற்பகல் அதே 5ஆம் தடத்தில் வடக்கே யோங்ஹகோங் நிலையம். இளவரசர் மாளிகையாக இருந்து 1744இல் திபெத்திய பௌத்த மடமான கோயில் இது. வாசலில் ஊதுவத்தி இலவசமாகவே தருகிறார்கள். வெளித்தெருவில் கட்டுக் கட்டாக விற்பதை வாங்கத் தேவையில்லை. ஒவ்வொரு முற்றமாகக் கடந்து கடைசி மண்டபம் வரை போகாமல் திரும்பினால் வந்ததில் பயனில்லை. அங்கே ஒரே சந்தன மரத்தில் செதுக்கிய மைத்ரேய புத்தர் நிற்கிறார்: தரைக்கு மேலே 18 மீட்டர், தரைக்குக் கீழே இன்னும் 8 மீட்டர். ஏழாம் தலாய் லாமா பேரரசர் ச்சியன்லுங்குக்கு அனுப்பிய மரம் அது. முகத்தைப் பார்க்கத் தலையை முழுக்கப் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும். மண்டபங்களுக்குள் படமெடுக்கக் கூடாது.

மாலையில் அங்கிருந்து மேற்கே கன்ஃபூசியஸ் கோயில் தெருவழியாக முரசுக் கோபுரம் வரை நடக்கலாம். இந்தச் சந்துகளுக்கு ஹுதுங் என்று பெயர். சாம்பல்நிறச் செங்கல் சுவர்களுக்குள் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. கதவு திறந்திருக்கிறதென்று உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. மிதிரிக்‌ஷாவில் ஏறுவதானால் மொத்தத் தொகையா, ஆளுக்கா, எத்தனை நிமிடம் என்று கைப்பேசியில் எழுதிக் காட்டி உறுதிசெய்த பிறகே ஏற வேண்டும்.

தோட்டமும் ஏரியும் விரும்புகிறவர்கள் கோயில்களுக்குப் பதிலாகக் கோடை அரண்மனைக்குப் போகலாம். அங்கே அரைநாள் போதாது; இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே மனத்தில் நிற்காது.

சாப்பாடு

சைவம் உண்பவர்கள் கொஞ்சம் முன்யோசனையோடு வர வேண்டும். காய்கறி என்று கேட்டு வாங்கிய பதார்த்தத்திலும் கொத்திய பன்றி இறைச்சியோ, இறைச்சிச் சாறோ, சிப்பிச் சாறோ இருக்கக்கூடும். டோஃபு என்றாலே சைவம் என்பது தவறு. இறைச்சி, மீன், முட்டை, எலும்புச் சாறு, சிப்பிச் சாறு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சீன எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றை ஹோட்டல் வரவேற்பு மேசையில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று நாளும் உதவும். யோங்ஹகோங் சுற்றுவட்டாரத்தில் பௌத்த முறைச் சைவ உணவகங்கள் உள்ளன. காலையில் தெருமுனைகளில் ஜியன்பிங் சுடுவார்கள்: பச்சைப்பயறு மாவைக் கல்லில் பெசரட்டுபோல மெல்லியதாகத் தேய்த்து, முட்டை உடைத்து ஊற்றி, மொறுமொறுப்பான தகடு வைத்து மடித்துத் தருவது. முட்டை வேண்டாமென்றால் கையசைத்துச் சொல்லிவிடலாம்.

ஹலால் உணவு தேடுபவர்களுக்குப் பெய்ஜிங்கில் கவலையே இல்லை. ‘ச்சிங்ஜென்’ என்று பலகை போட்ட உணவகங்கள் எல்லாப் பகுதியிலும் உண்டு. நியூஜியே தெருவில் 996இல் எழுந்த பள்ளிவாசலைச் சுற்றி ஆட்டிறைச்சிக் கடைகளும் இனிப்புக் கடைகளும் நிறைந்திருக்கின்றன.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அறையில் வெந்நீர்க் கெண்டி இருக்கும். ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் வெந்நீர்க் குழாய் உண்டு. ஒரு ஃபிளாஸ்க் எடுத்துவந்தால் தண்ணீர்ச் செலவே இல்லை.

கவனமாக இருக்க வேண்டியவை

சாலையில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. இடப்பக்கப் போக்குவரத்துக்குப் பழகியவர்கள் கடக்கும்போது பழக்கத்தால் முதலில் வலப்பக்கம் பார்ப்பார்கள். வண்டி இடப்பக்கமிருந்து வரும். பாதசாரிகளுக்குப் பச்சை எரியும்போதே வலப்புறம் திரும்பும் கார்கள் வரலாம். எல்லாவற்றையும்விட ஆபத்து மின் ஸ்கூட்டர்: சத்தமே இல்லாமல், சில சமயம் எதிர்த்திசையில், நடைபாதை மேலும் வரும்.

வாங்ஃபுஜிங்கிலும் தியனன்மென் சுற்றிலும், ஆங்கிலம் பழக ஆசை என்று இளைஞர்களோ இளம்பெண்களோ நெருங்கி வந்து, தேநீர்ச் சடங்குக்கோ ஓவியக் கண்காட்சிக்கோ அழைத்தால் சிரித்தபடி மறுத்து நடந்துவிட வேண்டும். உள்ளே போய்விட்டால் நான்கு கோப்பைத் தேநீருக்கு ஆயிரக்கணக்கில் பில் நீட்டி வாசலில் ஆள் நிற்பார்கள். பெய்ஜிங் பொதுவாக இரவிலும் அச்சமின்றி நடக்கக்கூடிய ஊர். பயணிகள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட நட்பான அழைப்புகளால்தான்.

தியனன்மென்னில் காவலர்களையும் படைவீரர்களையும் நெருங்கிப் படமெடுக்கக் கூடாது. துண்டுப் பிரசுரம், பதாகை, லைட்டர் எதுவும் பையில் இருக்கக் கூடாது. நகரெங்கும் ட்ரோன் பறக்கவிடத் தடை. வேறு சீன நகரத்துக்கு விமானத்தில் போவதாக இருந்தால் பவர்பேங்கில் சீனாவின் ‘3சி’ முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத பவர்பேங்கை 2025 ஜூன் முதல் உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை.

பொதுக் கழிப்பறைகள் ஏராளம், இலவசம். பலவற்றில் காகிதம் இருக்காது, தண்ணீர்க் குழாயும் இருக்காது. பையில் ஈரத்துணிப் பொட்டலம் ஒன்று எப்போதும் வேண்டும்.

காவல்துறை 110, தீயணைப்பு 119, ஆம்புலன்ஸ் 120. ஹோட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி எண் சீன எழுத்தில் அச்சிட்ட அட்டை குடும்பத்தில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் செய்ய வேண்டிய வரிசை:

1. தொலைந்த பகுதியின் காவல் நிலையத்தில் புகார் செய்து, தொலைந்ததற்கான சான்றுக் காகிதம் வாங்குவது.
2. அதோடு தூதரகத்துக்குப் போய் அவசரப் பயணச் சான்றோ புதிய பாஸ்போர்ட்டோ பெறுவது. இந்தியத் தூதரகம் லியாங்மாச்சியாவ் பகுதியில் உள்ளது.
3. புதிய ஆவணத்தோடு பெய்ஜிங் பொதுப் பாதுகாப்புத் துறையின் குடிவரவுப் பிரிவில் வெளியேறும் விசா பெறுவது.

மூன்றும் முடியப் பல நாள் பிடிக்கும். பாஸ்போர்ட், விசா இவற்றின் படத்தைக் கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் வைத்திருந்தால் வேலை எளிதாகும்.

திரும்பும் நாள்

முந்தைய இரவே பயணச்சீட்டில் எந்த விமான நிலையம், எந்த முனையம் என்று மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தலைநகர் விமான நிலையத்துக்கும் தாஷிங்குக்கும் நடுவே முழு நகரமும் கிடக்கிறது. தவறான இடத்துக்குப் போய்விட்டால் அந்த விமானத்தைப் பிடிக்க வழியில்லை. தலைநகர் விமான நிலையத்தின் 2ஆம், 3ஆம் முனையங்களில் விரைவு ரயில் தனித்தனியாக நிற்கும். நகரிலிருந்து போகும்போது முதலில் வருவது 3. குடிவரவு வரிசைக்காக விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேர்வது நல்லது. மிஞ்சிய யுவான் ரொக்கத்தை அங்கேயே மாற்றிவிடலாம். அலிபேயில் ஏதேனும் பணம் திரும்பி வர வேண்டியிருந்தால், அது கார்டுக்கு வந்து சேரும் வரை செயலியை நீக்கக் கூடாது.